வெயிலில் பார்க்க வேண்டும்

செக்காலை ரோட்டில் பத்தடிக்கு எட்டடிக் கடை.
சேலை கொண்டுவருவார்கள்,
பொருத்தமாய் ரவிக்கைத் துணி எடுத்துத் தருவேன்.
இருபத்திரண்டு வருஷம்.
வெங்காயத் தோல், வாடாமல்லி, அரக்கு,
மூன்று தினுசில் மாந்தளிர்.
மயில்கழுத்து மட்டும் ஐந்து தட்டு.
பச்சை என்று மனைவியும் நீலம் என்று கணவனும்
என் மேசைமேல் சண்டை போடுவது அவற்றால்தான்.
நான் யார் பக்கமும் சாய்ந்ததில்லை.
"ட்யூப்லைட்டை நம்பாதீக, வெயில்ல பாருங்க."
பேருந்துக்கு வழிவிட்டு ரோட்டோரம் நின்று
துணியைச் சேலைமேல் போட்டுப் பார்ப்பார்கள்.
வெயில்
என் கடையில் சம்பளம் வாங்காத கணக்குப்பிள்ளை.

பள்ளத்தூர் அடைக்கம்மை ஆச்சி
கூட்டுறவு வங்கியில் காசாளர்.
கள்ளநோட்டு கைக்கு வருமுன்னே முகம் சுளிப்பவர்.
பால்வெள்ளைச் சேலைக்கு நான் கொடுத்த துணியை
மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.
"மஞ்சளடிக்குது."
"இல்லைங்க."
வெயிலுக்குப் போனோம். உச்சிப் பொழுது.
"இப்பவும் மஞ்சள்தான்."
எனக்கு இரண்டும் ஒரே பாலில் நனைத்தவை.
"கண்ணை ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க ஆச்சி."
சொல்லிவிட்டேன்.
காசைத் திருப்பிக் கொடுத்தேன், எண்ணாமல் வாங்கிப் போனார்.
எண்ணாமல் வாங்கும் காசாளரை அன்றுதான் பார்த்தேன்.

போன மாசம் முகாமில்
என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள்.
கட்டுப் பிரித்ததும் தெரிந்தது ஆஸ்பத்திரிச் சுவர்.
"நீலம் அடிச்சிருக்கீகளா?"
"வெள்ளைங்க" என்றாள் நர்ஸ்.
இடது கண்ணால் பார்த்தேன்: தேநீர் சிந்தித் துடைத்த சுவர்.
வலது கண்ணால்: சோப்பு நுரை.
அதே ஆணி, அதே காலண்டர், அதே பல்லி.

வாசலில் பஞ்சவர்ணம்.
இடது கண்ணில் மஞ்சள் பூசிக் குளித்தவள்.
வலது கண்ணில், காதோரம் இத்தனை நரையா,
இந்தத் தழும்பு எப்போது விழுந்தது?
"எந்தக் கண்ணால முறைக்கிறீக?" என்றாள்.
இரண்டையும் மூடிக்கொண்டேன்.

கடையில் வெள்ளைத் தட்டை இழுத்தேன்.
ஒன்றென்று ஒரே அடுக்காய் மடித்த நாற்பது துண்டில்
எலும்பு நிறம் பதினேழு,
மோர், வடிகஞ்சி,
முட்டைவெள்ளை தேய்த்த நம்மூர்ச் சுவரின் மெருகில் நாலு,
பெயர் சொல்லத் தெரியாதது மிச்சம்.
எத்தனை வீட்டு விசேஷத்துக்கு
எந்த மஞ்சளை வெள்ளையென்று கட்டிக் கொடுத்தேனோ.
ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.
அதுதான் உறுத்துகிறது.
கூட்டிவந்து சாட்சி வைத்த வெயிலும்
என் புரைக்குள் புகுந்துதானே சாட்சி சொன்னது.

இப்போது உள்ளே இருப்பது ஒரு பிளாஸ்டிக் வில்லை.
உள்ளது இதுதான் என்று அதற்கு மட்டும் யார் சொன்னார்கள்?
இடது கண்ணையும் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர்.
கடையில் ஆளில்லை, சித்திரை போகட்டும் என்று
ஏதோ சொல்லித் தள்ளிப்போடுகிறேன்.
இரண்டு கண்ணும் ஒத்துப்போய்விட்டால்
மறுபடி நானே சரி என்று நினைத்துவிடுவேன்.

ஆச்சி வெள்ளை கட்டும் சோமவாரம் பார்த்து
வங்கியில் வரிசையில் நின்றேன்.
என் முறை வந்ததும்
கண்ணாடிக்குக் கீழே நாலு துண்டுகளைத் தள்ளினேன்.
அவர் துணியைப் பார்க்கவில்லை,
என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.
"எப்ப ஆபரேஷன்?"
"போன மாசம். வலது மட்டும்."
பணப்பெட்டியைப் பூட்டிச் சாவியைச் செருகிக்கொண்டு
வாசலுக்கு வந்தார்.
முந்தானையை அவர் நீட்ட
முதல் துண்டை அதன்மேல் வைத்தேன்.
அதற்குள் எங்கிருந்தோ ஒரு மேகம்.

மழைக்கு ஏங்கிக் கிடக்கிற ஊர்.
டீக்கடையில் இருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள்.
நாங்கள் இரண்டு பேர் மட்டும்
அது நகரட்டும் என்று நின்றிருந்தோம்.